பழைய போர்ஷே 911: எந்த வகையை வாங்குவது?

போர்ஷே 911 காரில் எந்த வகையை வாங்குவது என்ற கேள்விக்கும் அந்தக் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அது அறிமுகமானது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்களுக்கு பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால் பெயர் 911 ஆனது. 1964இல் உற்பத்தி தொடங்கியபோது அதற்கு ஒரே என்ஜின்தான்: 2 லிட்டர், 130 குதிரைத்திறன். மறுவருடமே அதே கூட்டில் 90 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜினை வைத்து, விலை குறைந்த 912 வந்தது. 1966இல் 160 குதிரைத்திறனோடு 911 எஸ் வந்தது. எஸ் தேவையா, சாதாரண 911 போதுமா என்ற வாதமும் அதோடு வந்துவிட்டது.

முதல் 911 எஸ் காரே அந்த வாதத்தின் இரு பக்கங்களையும் காட்டியது. அதன் முழு வலிமை நிமிடத்துக்கு 6,600 சுற்றில்தான் கிடைத்தது. திறந்த சாலையில் அது பறந்தது. நகர நெரிசலில் ஊர்ந்தபோதோ ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிந்து திக்கியது. விலை கூடிய வகை எல்லா வேலைக்கும் சிறந்த வகை ஆகிவிடாது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

இன்று இந்தக் கேள்வி பெரும்பாலும் போர்ஷேயின் பாக்ஸ்டர் அல்லது கேமன் வைத்திருந்து அடுத்த படிக்குப் போக நினைப்பவர்களிடம் எழுகிறது. அவர்கள் பார்வை முதலில் விழுவது 1997 முதல் 2005 வரையிலான 996 தலைமுறை மீதும், 2004 முதல் 2012 வரையிலான 997 தலைமுறை மீதும்தான். அதற்கு முந்தைய, காற்றால் குளிரும் 911கள் சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. ஆகவே இந்தக் கட்டுரை இவ்விரு தலைமுறைகளோடு நின்றுகொள்கிறது.

சந்தையில் இருப்பவை

996தான் நீரால் குளிரும் முதல் 911. தொடக்கத்தில் 3.4 லிட்டர் என்ஜின் 300 குதிரைத்திறன் தந்தது. 2002 மாடலில் அது 3.6 லிட்டராகி 320 ஆனது. செலவைக் குறைக்க, முன்பாதியின் பல உறுப்புகளை பாக்ஸ்டரோடு பகிர்ந்துகொண்டார்கள். பொரித்த முட்டை என்று கேலிக்கு ஆளான முகப்பு விளக்குகளும் அவற்றில் அடக்கம். 996இன் விலை நெடுங்காலம் தாழ்ந்தே கிடந்ததற்கு அந்த விளக்குகளும் ஒரு காரணம்.

997இல் வட்ட விளக்குகள் திரும்பின. அடிப்படை வகையான கரேரா 3.6 லிட்டரில் 325 குதிரைத்திறன், கரேரா எஸ் 3.8 லிட்டரில் 355. 2008இல் நேரடி எரிபொருள் செலுத்தலோடு முற்றிலும் புதிய என்ஜின் வந்து, இவை முறையே 345, 385 ஆயின. இந்தப் பிரிவைக் குறிக்கத்தான் 997.1, 997.2 என்று புழங்குகிறார்கள். இவற்றோடு நான்கு சக்கர இயக்கமுள்ள 4, 4எஸ் வகைகளும், கூரை திறக்கும் கேப்ரியோலே, டார்கா வகைகளும் உண்டு. டர்போ 996இல் 420, 997இல் 480 குதிரைத்திறனோடு தொடங்கியது. ஓட்டப்பந்தய இயல்புடைய ஜிடி3 தனி வரிசை.

கூடிய வலிமையே தேவை என்போர்

மிகப் பழைய விடை இதுதான்: கையில் உள்ள பணத்துக்குக் கிடைக்கும் மிக வலிய வகையை வாங்கு. இது தயாரிப்பாளரின் விலைப்பட்டியலிலிருந்தே பிறந்த விடை. பட்டியலில் மேலே இருப்பது புதிதாக வாங்கும்போது மேலானது என்றால், பழையதாகும்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது இதன் தர்க்கம்.

இதை அப்படியே தள்ளிவிட முடியாது. 997 கரேரா எஸ் காரில் என்ஜினோடு வேறு பலவும் சேர்ந்து வந்தன. முன்னும் பின்னும் 330 மில்லிமீட்டர் பிரேக் வட்டுகள், 19 அங்குலச் சக்கரங்கள், சாலைக்கேற்ப இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன் எல்லாம் எஸ் காரில் இயல்பாகவே இருந்தன. இவற்றைப் பின்னால் தனித்தனியாகச் சேர்ப்பது செலவு மிக்க வேலை. மறுவிற்பனையிலும் எஸ் என்ற எழுத்துக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

ஆனால் நிறுவனமே தந்த எண்களின்படி, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 997.1 கரேரா 5.0 விநாடியில் எட்டும், எஸ் 4.8 விநாடியில். உச்சவேகம் 285, 293. பொதுச் சாலையில் இந்த வேறுபாட்டை உணர்வதற்கான வாய்ப்பு சொற்பம். இன்னொரு சிக்கல் உள்ளே இருக்கிறது. 3.6 என்ஜினில் சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீட்டர், 3.8இல் 99. சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறவில்லை என்பதால், அந்த 3 மில்லிமீட்டர் சுவரிலிருந்துதான் வந்தது. முதல் 3.8 என்ஜின் பற்றிப் பின்னால் வரும் புகார்களோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எளிய வகையே போதும் என்போர்

இவர்களின் தேர்வு அடிப்படைக் கரேரா. பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர், மூடிய கூரை. இந்த நிலைப்பாட்டின் வேர் எடைக் கணக்கில் இருக்கிறது. 997.1 கரேரா 1,395 கிலோ, எஸ் 1,420, கரேரா 4 1,450, 4எஸ் 1,475. கேப்ரியோலே என்றால் மூடிய கரேராவைவிட 85 கிலோ கூடுதல். நான்கு சக்கர வகைகளின் பின்புறம் 44 மில்லிமீட்டர் அகலமானது. பார்க்க அழகுதான், ஆனால் அந்த அகலமும் எடையும் சாலைக்கும் ஓட்டுநருக்கும் இடையே புகுந்துகொள்கின்றன என்பது இவர்கள் வாதம்.

இந்த வாதம் தட்பவெப்பத்தை மறந்துவிடுகிறது. ஆல்ப்ஸ் மலைச்சாரலிலோ வட அமெரிக்காவின் பனிப் பகுதியிலோ ஆண்டு முழுவதும் ஓட்டுபவருக்கு நான்கு சக்கர இயக்கம் வெறும் அலங்காரம் இல்லை.

கியர்பாக்ஸ் குறித்த வாதமும் இங்கேதான் வருகிறது. 2008 வரை தானியங்கி வகை என்றால் ஐந்து கியர் டிப்ட்ரானிக். அதன் மந்தத்தை எளிமை விரும்பிகள் வெறுப்பார்கள், அதனால் அது மலிவாகக் கிடைக்கும். தவறான கியரில் தள்ளி என்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றிவிடும் விபத்து அதில் நடக்க வழியில்லை என்ற நன்மையைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மறுபுறம், தாழ்ந்த சுழற்சியில் அதிகச் சுமை ஏறுவதால் டிப்ட்ரானிக் கார்களின் சிலிண்டர்கள் கூடுதலாகத் தேய்கின்றன என்று சில பணிமனைகள் கருதுகின்றன. 997.2இல் வந்த ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி வேகத்தில் கைக்கியரை மிஞ்சியது. பழுதானால் அதன் செலவும் அப்படியே.

என்ஜினைக் கழற்றிப் பார்ப்போர்

2000க்குப் பின் வாதத்தின் மையம் குதிரைத்திறனிலிருந்து என்ஜினின் உட்புறத்துக்கு நகர்ந்தது. காரணம் ஒரு சிறு பேரிங். 1996 இறுதியில் பாக்ஸ்டரில் அறிமுகமாகி, 996இலும் வந்த எம்96 என்ஜினில், கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொண்டுபோக ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனை, ஃபிளைவீல் பக்கத்தில், மூடி அடைத்த குண்டு பேரிங்கில் சுழல்கிறது. நாளடைவில் அடைப்பு நைந்து, உள்ளிருக்கும் கிரீஸ் கழுவுண்டு போகிறது. அடைப்பு எஞ்சியிருப்பதால் என்ஜின் ஆயிலும் தாராளமாக உள்ளே வருவதில்லை. பேரிங் உடைந்தால் கேம் ஷாஃப்டின் காலக்கணக்கு தவறி, வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதோடு என்ஜின் முடிந்தது.

ஆபத்து எல்லா ஆண்டுகளுக்கும் ஒன்றல்ல. தொடக்க கால இரட்டை வரிசைப் பேரிங் ஓரளவு தாங்கியது. ஏறத்தாழ 2000 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் பெயரைக் கெடுத்தது. அமெரிக்காவில் இது கூட்டு வழக்காகி, 2001க்கும் 2005க்கும் இடையே தயாரான கார்கள் தொடர்பாக 2013இல் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கையொட்டி ஒற்றை வரிசைக்குச் சுமார் 8 விழுக்காடு, இரட்டை வரிசைக்குச் சுமார் 1 விழுக்காடு என்ற அளவுகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. இவற்றை ஒரு நாட்டின், ஒரு காலத்தின் மதிப்பீடாகக் கொள்வதே பாதுகாப்பு. 2005 வாக்கில் பெரிய பேரிங் வந்தது. அது பழுதாவது மிக அரிது, ஆனால் என்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. முதல் 997கள் சிலவற்றில் பழைய பேரிங்கே இருப்பதால், பதிவு ஆண்டை நம்பாமல் என்ஜின் எண்ணைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது பழைய பேரிங்கையும் மாற்றிவிடலாம் என்பதால், 996ஐப் பொறுத்தவரை இது தீர்வுள்ள சிக்கல். கிளட்ச்சோடு பேரிங்கும் மாறியதற்கான ரசீது இருந்தால் அது விலையில் கணக்கிடத் தக்கது.

இந்த அச்சத்திலிருந்து பிறந்த நிலைப்பாடு: வாங்கினால் மெட்ஸ்கர் என்ஜின் உள்ளதை வாங்கு. முதல் 911இன் ஆறு சிலிண்டர் என்ஜினையும் 917 ஓட்டப்பந்தயக் காரின் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினையும் உருவாக்கிய ஹான்ஸ் மெட்ஸ்கரின் (1929–2020) பெயரால் அழைக்கப்படும் இந்த என்ஜின், 996 டர்போ, 997.1 டர்போ, இரு தலைமுறை ஜிடி3 கார்களில் இருக்கிறது. 1998இல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற ஜிடி1 காரின் என்ஜினும் இதே வம்சம். இதிலும் இடைத்தண்டு உண்டு, ஆனால் அது ஆயில் அழுத்தத்தில் மிதக்கும் சாதாரண பேரிங்கில் சுழல்வதால் அந்த வகைப் பழுது இல்லை.

மெட்ஸ்கர் என்ஜினுக்கும் பலவீனம் இருக்கிறது. அதன் கூலன்ட் குழாய் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை. வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்த பசை விட்டுக்கொடுத்தால், குழாய் கழன்று கூலன்ட் மொத்தமும் ஒரே நேரத்தில் பின்சக்கரங்களின் வழியில் கொட்டும். நிரந்தரத் தீர்வு என்ஜினை இறக்கி இணைப்புகளைப் பற்றவைப்பது அல்லது ஆணி அறைவது. மெட்ஸ்கர் கார்களின் கொள்முதல் விலையும் பராமரிப்பும் கரேராவைவிட மிக உயர்ந்தவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டர்போ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் இன்னொன்றும் அறிய வேண்டும்: 2009இல் வந்த 997.2 டர்போவில் மெட்ஸ்கர் என்ஜின் இல்லை.

மூன்றாவது வழி 997.2 கரேரா. 2008இன் புதிய என்ஜினில் இடைத்தண்டே கிடையாது. சிலிண்டர் கட்டையும் வேறு உலோகக் கலவையில் வார்க்கப்பட்டது. இந்த நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லத் தக்கது விலைதான். ஒரே உருவமுள்ள 997.1க்கும் 997.2க்கும் இடையே சந்தை கேட்கும் கூடுதல் தொகை, பல நேரங்களில் 997.1 காரின் பெரும் பழுதுபார்ப்புச் செலவில் கணிசமான பங்கை ஈடுகட்டும்.

சிலிண்டர் கீறல்

பேரிங் பிரச்சினைக்கு விடை கிடைத்த பின் அதைவிடக் கடினமான ஒன்று மேலெழுந்தது. எம்96 என்ஜினிலும் அதன் வாரிசான எம்97இலும் சிலிண்டர் சுவர் லோகாசில் என்ற முறையில் அமைந்தது. அலுமினியத்தில் சிலிக்கன் துகள்களைச் செறித்து, அந்தத் துகள்களின் மேல் பிஸ்டன் வழுக்கிச் செல்லும்படி செய்வதே அந்த முறை. பிஸ்டனின் பக்கப் பூச்சு தேய்ந்து அலுமினியமும் அலுமினியமும் உரசினால் சுவரில் நெடுக்குக் கீறல் விழும். ஆயில் குடிப்பது, ஒரு புகைக்குழாய் முனை மற்றதைவிடக் கறுப்பது, சூடான என்ஜினில் டக் டக்கென்ற தட்டொலி ஆகியவை அறிகுறிகள். புகார்கள் அதிகம் வருவது 997.1 எஸ்ஸின் 3.8, கரேராவின் 3.6, முதல் கேமன் எஸ்ஸின் 3.4 என்ஜின்கள் மீது. பாக்ஸ்டரின் 2.7இல் இது அரிது. 996இன் தொடக்க கால 3.4இலும் அரிது, ஆனால் அதில் சிலிண்டர் சுவர் வெடித்த நிகழ்வுகள் உண்டு.

காரணம் எது என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை. பிஸ்டன் பூச்சை முந்தைய இரும்புப் பூச்சிலிருந்து மாற்றியதே மூலம் என்பது ஒரு தரப்பு. இங்கிலாந்தின் போல்டன் நகரிலுள்ள ஹார்டெக் பணிமனை கூலன்ட் ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வையும், தாழ்ந்த சுழற்சியில் ஏறும் சுமையையும் முன்வைக்கிறது. அமெரிக்கப் பணிமனைகள் சில, குளிர் தொடக்கத்தில் மிகையாகச் சிந்தும் பெட்ரோல் ஆயில் படலத்தைக் கழுவிவிடுவதையும், ஆயில் மாற்றும் இடைவெளி நீண்டிருப்பதையும் சுட்டுகின்றன. குளிர்நாட்டுக் கார்களில் பழுது கூடுதல் என்ற பொதுவான கவனிப்பு பின்சொன்ன இரு விளக்கங்களுக்கும் இடம் தருகிறது. இவர்களில் பலர் இதே பழுதைச் சரிசெய்து விற்பவர்கள் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். அவர்கள் பார்ப்பது கெட்ட என்ஜின்களை மட்டுமே. கெடாமல் ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

வகையைவிடக் காரே முக்கியம் என்போர்

நல்ல கரேரா மோசமான ஜிடி3ஐவிட மேல் என்பது மெக்கானிக்குகளிடம் பிறந்த விடை. இவர்கள் கேட்பது சர்வீஸ் பதிவு, பழைய உரிமையாளர்களின் எண்ணிக்கை, என்ஜின் கணினியின் பதிவு.

அந்தக் கணினிப் பதிவு கூர்ந்து பார்க்கத் தக்கது. 997இன் கட்டுப்பாட்டுப் பெட்டி, என்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்ற ஒவ்வொரு முறையையும் ஆறு படிகளாகப் பிரித்து எண்ணி வைக்கிறது. கீழ்ப்படிகளை முடுக்கும்போதே தொட்டுவிடலாம். மேல்படிகளில் எண் இருந்தால், ஓடும் வேகத்துக்குப் பொருந்தாத தாழ்ந்த கியரில் யாரோ தள்ளியிருக்கிறார் என்று பொருள். அது நடந்தது என்ஜினின் எத்தனையாவது மணி நேரத்தில் என்பதும் பதிவாகும். அதற்குப் பின் நூற்றுக்கணக்கான மணி நேரம் கார் ஒழுங்காக ஓடியிருந்தால் கவலை குறைகிறது. மொத்த மணி நேரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 96,000 கிலோமீட்டரும் 1,600 மணி நேரமும் என்றால் சராசரி வேகம் 60. அதே 1,600 மணி நேரத்துக்கு மீட்டர் 40,000 காட்டினால் சராசரி 25. கார் நெரிசலிலேயே வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

குறைந்த கிலோமீட்டரே நல்லது என்ற நம்பிக்கையும் இங்கே ஆட்டம் காண்கிறது. அடிக்கடி ஓடாமல் நின்ற கார்களில் இடைத்தண்டுப் பேரிங் கெடுவது கூடுதல் என்று அனுபவமுள்ள பணிமனைகள் சொல்கின்றன. ஆயிலில் ஈரம் சேர்வது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

இந்த நிலைப்பாட்டின் குறை, காகிதத்தால் சிலிண்டருக்குள் பார்க்க முடியாது என்பது. முறையாக சர்வீஸ் செய்த கார்களிலும் கீறல் விழுந்திருக்கிறது.

இது உண்மையில் மேல்படிதானா?

வகைகளை ஒப்பிடுவதற்கு முன் எழ வேண்டிய கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் எழுகிறது. 2009 மாடல் பாக்ஸ்டர் எஸ் (987.2) 310 குதிரைத்திறன் கொண்டது. 1997இன் 911 கரேராவுக்கு 300தான். அந்த பாக்ஸ்டரில் இடைத்தண்டும் இல்லை. என்ஜின் நடுவில் இருப்பதால் திருப்பங்களில் அதன் சமநிலை 911ஐவிட இயல்பானது என்று கருதுவோர் பலர். 911 தருவது பின்புற என்ஜினுக்கே உரிய பிடிமானம், குழந்தைகளுக்குப் போதுமான இரண்டு பின்னிருக்கைகள், பிறகு அந்தப் பெயர். முதல் தலைமுறை பாக்ஸ்டரிலிருந்து 996க்குப் போவது அதே என்ஜின் குடும்பத்தின், அதே பேரிங்கின் பெரிய வடிவத்துக்குப் போவதே. பணத்தைச் செலவிட்டு அதே கவலையோடு இருப்பதைவிட 987.2 பாக்ஸ்டர் எஸ் அல்லது கேமன் எஸ் அறிவார்ந்த மாற்றம் என்ற கருத்துக்கு வலுவான அடிப்படை உண்டு.

முடிவாகாதவை

பேரிங் பற்றிய வாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. கீறலின் மூலகாரணம் முடியவில்லை. கெடாத கார்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு இல்லாதவரை, ஒரு குறிப்பிட்ட 997.1 காருக்கு ஆபத்து எத்தனை விழுக்காடு என்று எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. 2008க்குப் பிந்தைய என்ஜின்கள் இருபது முப்பது வருடம் கடந்தபின் எப்படியிருக்கும் என்பதையும் காலம்தான் காட்ட வேண்டும். சந்தை விலையோ எந்த வாதத்துக்கும் கட்டுப்படுவதில்லை. ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட 996ஐ இப்போது தேடி வாங்குகிறார்கள்.

இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், அன்றாடம் ஓட்டக் கார் தேடுபவருக்குக் கைக்கியருள்ள 997.2 அடிப்படைக் கரேராவே ஆபத்து குறைந்த தேர்வு. எஸ்ஸுக்குக் கேட்கும் கூடுதல் தொகை பராமரிப்புக்கென்று ஒதுங்கினால் பயன் அதிகம். அந்த விலை எட்டாதபோது, பேரிங் மாற்றிய 996 அல்லது சிலிண்டர் பரிசோதனை முடிந்த 997.1 கரேரா வரலாம். அந்தப் பரிசோதனையை ஸ்பார்க் பிளக் துளை வழியே மட்டும் செய்தால் போதாது. கீறல் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதியில் தொடங்குவதால், ஆயில் தொட்டியின் தகட்டைக் கழற்றி, கீழிருந்து கேமரா செலுத்தி ஆறு சிலிண்டர்களையும் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவரிடம் 997.1 வாங்க வேண்டாம்.